பத்திரிகைக்குப் பூட்டுப் போட்ட திவான்

கொள்ளைநோயோடு போராடியவர், சட்டசபையைத் திறந்தவர், அச்சுக்கூடத்தின் வாயைக் கட்டியவர். பிரேசர் டவுன் உருவான நாட்களில் மைசூரை நிர்வகித்த கும்பகோணத்துக்காரர் ஒருவரின் கதை.

மாலை ஆறரை மணி. ரம்ஜான் மாதம் என்றால் பிரேசர் டவுன் மாஸ்க் ரோட்டில் ஆள் நடக்க இடம் இருக்காது. சீக் கபாப் புகை ஒரு பக்கம், ஹலீம் அண்டாவில் கரண்டி உரசும் சத்தம் ஒரு பக்கம், நடுவே ஹாரன் அடித்து அலுத்துப்போன ஆட்டோக்கள். அரசாங்கப் பதிவேட்டில் இந்த இடத்தின் பெயர் புலிகேசி நகர். சட்டமன்றத் தொகுதிக்கும் அந்தப் பெயர்தான். ஆனால் சிவாஜி நகரில் நின்று 'புலிகேசி நகர்' என்று கேட்டால் ஆட்டோக்காரர் ஒரு நொடி யோசிப்பார். 'பிரேசர் டவுன்' என்றால் உடனே மீட்டரைப் போடுவார், அல்லது மீட்டருக்கு மேல் எவ்வளவு என்று பேச ஆரம்பிப்பார்.

அந்தப் பிரேசர் யார் என்று கேட்டுப் பாருங்கள். 'யாரோ வெள்ளைக்காரத் துரை' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். துரைதான். ஆனால் பட்டாளத்துத் துரை இல்லை, ராஜகுமாரர்களுக்குப் பாடம் சொன்ன வாத்தியார் துரை. ஸ்டூவர்ட் மிட்ஃபோர்ட் பிரேசர் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி, 1905 முதல் 1910 வரை மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட். சமஸ்தானத்துக்கும் வைஸ்ராய்க்கும் நடுவில் அமர்ந்து இரண்டு பக்கமும் கண் வைத்திருக்கும் பதவி அது.

அவர் பதவியில் இருந்த அந்த ஐந்து வருடங்களுக்குள்தான் மைசூர் சமஸ்தானத்தில் ஒரு சட்டம் வந்தது. அரசாங்கம் அனுமதி கொடுத்தால்தான் செய்தித்தாள் நடத்தலாம் என்றது அந்தச் சட்டம். கொண்டுவந்தவர் வெள்ளைக்காரர் இல்லை. காவிரிக்கரையில், கும்பகோணத்தில் பிறந்து, மைசூரில் படிப்படியாக ஏறி, திவான் நாற்காலி வரை வந்த விசுவநாத பட்டண்கர் மாதவராவ்.

இன்றைய சீனாவில் என்ன புத்தகம் அச்சாகலாம், எது கூடாது என்று தீர்மானிக்க ஒரு தனி நிர்வாகமே இருக்கிறது. அந்தப் பொறுப்புக்கு வரும் அதிகாரிகளைப் பற்றிப் படிக்கும்போது அது ஏதோ தூர தேசத்து விசித்திரம் போலத் தோன்றும். நூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன் அதே வேலையை நம் பக்கத்துக்காரர் ஒருவர், நாம் தினம் கடக்கும் தெருக்களின் ஊரில் இருந்துகொண்டு செய்தார்.

ஊர் ஒன்று, சட்டம் இரண்டு

1831-ல் மைசூர் மன்னரிடமிருந்து நிர்வாகத்தைப் பறித்துக்கொண்ட ஆங்கிலேயர், ஐம்பது வருடம் கழித்து 1881-ல் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுக்கும்போது பெங்களூரின் ஒரு பாதியைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். அதுதான் கண்டோன்மெண்ட், ஊர்வாய் மொழியில் தண்டு. அரசாங்கக் காகிதத்தில் 'சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்'. பேட்டை என்ற பழைய நகரம் மகாராஜாவுக்கு, தண்டு ரெசிடெண்டுக்கு. இரண்டுக்கும் நடுவில் கப்பன் பூங்கா. தனித்தனி முனிசிபாலிட்டி, தனித்தனி போலீஸ், தனித்தனி சட்டம். பட்டாளத்தோடும் பட்டாளத்துக்கு வேலை செய்யவும் வந்த தமிழர்கள் பெரும்பாலும் தண்டுப் பக்கம்தான் குடியேறினார்கள். சிவாஜி நகர், அல்சூர், பிரேசர் டவுன், காக்ஸ் டவுன் என்று இன்றும் தமிழ் காதில் விழும் பகுதிகள் எல்லாம் அந்தப் பழைய எல்லைக்குள் அடங்கியவை.

அச்சுக்கூடம் வைத்திருப்பவருக்கு இந்த எல்லைக்கோடு முக்கியமானது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1867-ம் ஆண்டின் பத்திரிகை மற்றும் புத்தகப் பதிவுச் சட்டம் நடப்பில் இருந்தது. மாஜிஸ்திரேட் முன்னால் உறுதிமொழி கொடுக்க வேண்டும், அச்சிட்டவர் பெயரையும் இடத்தையும் தாளில் போட வேண்டும், புத்தகம் என்றால் அரசாங்கத்துக்குப் பிரதி அனுப்ப வேண்டும். யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை.

சமஸ்தானங்களுக்குள் ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளோ பிரிட்டிஷ் இந்தியாவில் சேராதவை. அங்கே விதி கடுமை. 1891 ஜூன் மாதம் இந்திய அரசின் வெளியுறவுத் துறை ஓர் அறிவிக்கை போட்டது. அத்தகைய பகுதிகளில் அரசியல் ஏஜெண்டின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் செய்தித்தாள் நடத்தக் கூடாது, மீறினால் ஆசிரியரை வெளியேற்றலாம். பெங்களூர் தண்டு அத்தகைய பகுதிதான், அங்கே அந்த அதிகாரம் ரெசிடெண்ட் கையில். ஆக, பிரேசர் ரெசிடெண்டாக வந்து உட்கார்ந்தபோது, இந்தப் பக்கத்துப் பத்திரிகைகளின் தலையெழுத்து அந்த நாற்காலியோடு சேர்ந்தே வந்தது. கப்பன் பூங்காவுக்கு அந்தப் பக்கம், பேட்டையில், அப்படிப்பட்ட கட்டுப்பாடு அப்போது இல்லை. 1908-ல் அங்கேயும் வந்தது.

எலிக்குப் பயந்து கட்டிய டவுன்

சட்டத்துக்குப் போவதற்கு முன் எலியைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

1898 ஆகஸ்டில் பெங்களூருக்குள் பிளேக் நுழைந்தது. ஹூப்ளிப் பக்கத்திலிருந்து ரயிலில் வந்தது என்பது அன்றைய பதிவு. நெருக்கமான சந்துகளும் காற்று புகாத வீடுகளும் கொண்ட பேட்டை அடிவாங்கியது. தண்டிலும் பிணம் விழுந்தது. ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர்களுக்கு ஓடினார்கள். மைசூர் அரசாங்கம் நோயைக் கட்டுப்படுத்த ஒரு பிளேக் ஆணையரை நியமித்தது. அவர்தான் வி.பி. மாதவராவ். ஏற்கெனவே சமஸ்தானத்தின் போலீஸ் தலைமை அதிகாரியாக இருந்து அனுபவப்பட்டவர். நோய் வந்தவரை விலக்கி வைப்பது, தொட்ட பொருளைச் சுத்தப்படுத்துவது, வருவோர் போவோரைச் சோதிப்பது என்று அன்றைக்குத் தெரிந்த முறைகளெல்லாம் ஜனங்களுக்குப் பிடிக்காதவை. அந்த வேலைக்காக அடுத்த வருடமே அவருக்கு சி.ஐ.இ. பட்டம் கிடைத்தது.

பிளேக் பெங்களூரின் வரைபடத்தையே மாற்றியது. மைசூர் பக்கத்தில் பசவனகுடியும் மல்லேஸ்வரமும் அகலத் தெருக்களோடு விரிந்தன. தண்டுப் பக்கத்தில் அதே நோக்கத்தோடு ரெசிடெண்டின் பெயரில் எழுந்தது பிரேசர் டவுன். ஜே.எச். ஸ்டீபன்ஸ் என்ற பொறியாளரின் கைவண்ணம். வீட்டுக்கு வீடு இடைவெளி, வெளிச்சம், காற்று, எலி வளை தோண்ட முடியாத தளம் என்று யோசித்து யோசித்துக் கட்டினார்கள். பிளேக் அண்டாத நகரத்தை எப்படித் திட்டமிடுவது என்பதைப் பெங்களூரை வைத்தே விளக்கி, 1914-ல் ஸ்டீபன்ஸ் ஒரு புத்தகம் போட்டார். அது மதராஸில் அச்சானது. பிரேசர் டவுனில் அவர் பெயரில் ஸ்டீபன்ஸ் ரோடு இன்றும் இருக்கிறது.

பிரேசரின் பாதையும் சாதாரணமானதில்லை. கோலாப்பூரின் இளவரசர் ஷாகுவுக்குத் தார்வாரில் ஆசிரியராக இருந்தவர். அந்த மாணவர்தான் பின்னாளில், 1902-ல், அரசு வேலையில் பாதியைப் பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கிய ஷாகு மகாராஜா. அடுத்து மைசூரில் சிறுவர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு ஆசிரியர். மாணவர் 1902-ல் ஆட்சியின் முழு அதிகாரத்தையும் ஏற்றார். மூன்று வருடம் கழித்து வாத்தியார் ரெசிடெண்டாகத் திரும்பி வந்தார். மைசூருக்குப் பிறகு காஷ்மீர், பிறகு ஐதராபாத் என்று பெரிய சமஸ்தானங்களாகவே அவருக்கு வாய்த்தன.

பாடம் சொன்னவர் ஒரு பக்கம், பாடம் கேட்டவர் அரியணையில், நடுவில் நிர்வாகத்தை ஓட்ட ஒரு திவான். 1906-ல் அந்த இடத்துக்கு மாதவராவ் வந்தார்.

போர்ட்டர் காலத்து மாணவர்

கும்பகோணத்தில் பிறந்த மாதவராவ்கள் இருவர். முன்னவர் சர் டி. மாதவராவ். திருவிதாங்கூர், இந்தூர், பரோடா மூன்றிலும் திவானாக இருந்து பெயரெடுத்தவர். பின்னவர் நம் கதாநாயகர் வி.பி. மாதவராவ், 1850-ல் பிறந்தவர். இருவரும் தஞ்சை மராத்தியர். இருவரும் திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவான் பதவி பார்த்தவர்கள். குழப்பம் வருவதில் ஆச்சரியமில்லை.

கும்பகோணம் கல்லூரியில் போர்ட்டர் முதல்வராக இருந்த காலத்தில் படித்தவர் இவர். தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று அந்தக் கல்லூரியைச் சொல்லிப் பெருமைப்பட்ட காலம். அங்கே ஆங்கிலம் கற்றுத் தேறிய பட்டதாரிகளுக்கு மைசூரில் நல்ல கிராக்கி இருந்தது. 1881-ல் நிர்வாகம் திரும்பி வந்த பின் மைசூரின் முதல் திவானான ரங்காசார்லு செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். அடுத்து வந்து சிவசமுத்திரம் மின்சாரத்துக்குக் காரணமான சேஷாத்ரி ஐயர் பாலக்காட்டுக்காரர். மாதவராவும் அந்த வரிசையில் வந்தவர்.

உள்ளூரில் இது எரிச்சலைக் கிளப்பியது. 'மைசூர் மைசூர்க்காரருக்கே' என்ற குரலும், மேல் வேலைகளையெல்லாம் மதராஸிகள் பிடித்துக்கொண்டார்கள் என்ற புகாரும் எழுந்தன. அந்தக் குரல் எங்கே ஒலித்தது? பத்திரிகைகளில்தான். 1908-ன் கதையைப் படிக்கும் பெங்களூர்த் தமிழர்கள் இந்தப் பின்னணியையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. விமர்சிக்கப்பட்டவர் கையிலேயே விமர்சனத்தைக் கட்டுப்படுத்தும் பேனாவும் இருந்தது.

இத்தனைக்கும் மாதவராவ் மக்கள் பிரதிநிதித்துவத்துக்கு எதிரி இல்லை. 1904 முதல் 1906 வரை அவர் திருவிதாங்கூரில் திவானாக இருந்தபோதுதான் அங்கே ஸ்ரீமூலம் மக்கள் சபை தொடங்கியது. நிலவரி கட்டும் குடிகளின் பிரதிநிதிகள் வந்து அரசாங்கத்திடம் குறை சொல்லும் சபை. மைசூருக்கு வந்ததும், 1907-ல், சட்டமியற்றும் கவுன்சிலை உருவாக்கினார். கன்னட நாட்டின் சட்ட மேலவை தன் பிறந்த வருடம் என்று இன்றும் சொல்லிக்கொள்வது அந்த 1907-ஐத்தான். தொடக்கத்தில் உறுப்பினர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமைகூடக் கிடையாது என்றாலும் கதவு திறந்தது திறந்ததுதான்.

அந்தக் கவுன்சில் திறந்த மறு வருடமே, அதே திவான், பத்திரிகைச் சட்டத்தைக் கொண்டுவந்தார்.

1908 என்ற வருடம்

அந்த வருடத்தின் சூட்டைத் தமிழர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மார்ச்சில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள், திருநெல்வேலி பற்றி எரிந்தது. ஏப்ரல் கடைசியில் முசாபர்பூரில் குண்டு வெடித்தது. ஜூனில் குற்றத்தைத் தூண்டும் செய்தித்தாள்களை அடக்க ஒரு சட்டம் வந்தது. ஜூலையில் 'கேசரி'யில் எழுதிய கட்டுரைகளுக்காகத் திலகருக்கு ஆறு வருடம் நாடுகடத்தல். ஆகஸ்டில் பத்திரிகையாசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர் கைது. 'இந்தியா' பத்திரிகையின் சட்டபூர்வ ஆசிரியராகப் பெயர் கொடுத்திருந்த சீனிவாசனையும் பிடித்தார்கள். கட்டுரைகளை எழுதிய பாரதி புதுச்சேரிக்குப் போய், அங்கிருந்து பத்திரிகையை மறுபடி கொண்டுவந்தார். எல்லை தாண்டினால் சட்டமும் மாறும் என்பது அன்றைய பத்திரிகைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அரசாங்கத்துக்கும் அது தெரிந்திருந்தது. சமஸ்தானங்கள் பத்திரிகைக்காரர்களின் புகலிடமாகிவிடுமோ என்று வைஸ்ராயின் அலுவலகம் கவலைப்பட்டது. 1881-ல் மைசூரைத் திருப்பிக் கொடுத்தபோது எழுதிய பத்திரத்தின்படி, நிர்வாக முறையில் முக்கியமான மாற்றம் எதையும் கவர்னர் ஜெனரலின் சம்மதம் இல்லாமல் செய்ய முடியாது. எனவே திவானின் மேசையிலிருந்து புறப்படும் எந்தப் பெரிய காகிதமும் ரெசிடெண்டின் பார்வைக்குத் தப்பாது.

இந்தச் சூழலில் வந்தது மைசூர் செய்தித்தாள் ஒழுங்குமுறைச் சட்டம். சமஸ்தானத்துக்குள் செய்தித்தாள் நடத்த அரசாங்க அனுமதி கட்டாயம். கொடுத்த அனுமதியை அரசாங்கமே திரும்பப் பெறலாம். வேண்டாத ஆசிரியரை வெளியேற்றலாம். ஒரு கட்டுரை ராஜத்துரோகமா இல்லையா என்று கோர்ட்டில் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை, நிர்வாகம் நினைத்தால் போதும். தண்டில் 1891 முதல் இருந்த பூட்டு இப்போது பேட்டைக்கும் வந்தது. கப்பன் பூங்காவின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆகிவிட்டது.

பிளேக் ஆணையராக இருந்தபோது மாதவராவ் என்ன செய்தாரோ, அதையேதான் திவானாக இருந்தபோது பத்திரிகைக்கும் செய்தார் என்று தோன்றுகிறது. நோய் பரவும் வரை காத்திருக்காதே, நுழையும்போதே நிறுத்து, சந்தேகப்பட்டதை விலக்கி வை. எலிக்கு அது சரியான வைத்தியம். எழுத்துக்கு? வழக்குப் போட்டு ஆசிரியரைச் சிறையில் தள்ளிய பிரிட்டிஷ் இந்தியச் சட்டம்கூட, அவர் எழுதி முடிக்கும் வரை காத்திருந்தது. மைசூர்ச் சட்டம் அச்சுக்கூடத்தின் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டது.

தாத்தையாவின் பதில்

மைசூரில் மாரிமல்லப்பா உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியராக நெடுங்காலம் இருந்தவர் எம். வெங்கடகிருஷ்ணய்யா. மூன்று தலைமுறைக்குப் பாடம் சொன்னதால் ஊரே 'தாத்தையா' என்று கூப்பிட்டது. விடுதி நடத்தினார், பெண் கல்விக்குப் பாடுபட்டார், பத்திரிகைகளும் நடத்தினார். அவருடைய 'விருத்தாந்த சிந்தாமணி' கன்னடப் பத்திரிகை உலகில் மூத்த பெயர்களில் ஒன்று.

சட்டம் வந்ததும் தாத்தையா அனுமதிக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கவில்லை. பத்திரிகையை நிறுத்திவிட்டார். வேறு சிலரும் அதையே செய்தார்கள். அரசாங்கம் பூட்டுவதற்கு முன் தாங்களே கதவைச் சாத்திச் சாவியை வீசியெறிந்த மாதிரி. கலகம், கல்வீச்சு, கைது எதுவும் இல்லை. வாசகர் கைக்கு வரவேண்டிய தாள் வரவில்லை, அவ்வளவுதான். மைசூரின் பத்திரிகை வரலாற்றை எழுதியவர்கள் யாரும் 1908-ஐச் சொல்லாமல் கடந்து போவதில்லை என்பதற்கு அந்த மௌனம்தான் காரணம்.

முள்பாகலிலிருந்து பெங்களூருக்கு வந்து, இருபது வயதுப் பையனாகப் பத்திரிகை அலுவலகப் படி ஏறிய டி.வி. குண்டப்பாவும் இந்தக் காலத்தின் பிள்ளைதான். அடுத்த அலை வரும்வரை காத்திருந்து, விசுவேசுவரய்யா திவானாக இருந்தபோது, 1913-ல் 'தி கர்நாடகா' என்ற ஆங்கில இதழைத் தொடங்கினார். பின்னாளில் கன்னடத்தின் பெரும் கவியாக, டி.வி.ஜி.யாக அறியப்பட்டார். பசவனகுடி பியூகிள் ராக்கில் அவருடைய சிலை இருக்கிறது, காந்தி பஜார் பக்கம் டி.வி.ஜி. ரோடு இருக்கிறது. அனுமதி கொடுத்தவர்களை விட எழுதியவரைத்தான் ஊர் அதிகம் ஞாபகம் வைத்திருக்கிறது.

திறந்தவருக்கு என்ன ஆனது?

அச்சைப் பூட்டிய அதிகாரிகளின் வாழ்க்கை பொதுவாகப் பதவி உயர்வில்தான் போய் முடியும். திறந்துவிட்டவர்களின் கதை வேறு.

சென்னையில் கவர்னராக இருந்த தாமஸ் மன்றோவை ரயத்துவாரி முறைக்காகவும், தீவுத்திடல் பக்கம் சேணமில்லாக் குதிரைமேல் அமர்ந்திருக்கும் சிலைக்காகவும் நமக்குத் தெரியும். குடிகளின்மேல் கரிசனம் உள்ளவர் என்று பெயர் வாங்கிய அந்த மன்றோ, 1822-ல் எழுதிய குறிப்பொன்றில் பத்திரிகைச் சுதந்திரத்தைத் தீவிரமாக எதிர்த்தார். சுதந்திரமான பத்திரிகையும் அந்நியர் ஆட்சியும் ஒரே இடத்தில் இருக்க முடியாது என்பது அவர் வாதம். நேர்மையான வாதம்தான், பொய்ச் சாக்கு எதுவும் இல்லை.

1835-ல் தற்காலிகக் கவர்னர் ஜெனரலாக வந்த சார்லஸ் மெட்காஃப் இதற்கு நேர்மாறாக நடந்தார். அச்சுக்கூடத்துக்கு லைசென்ஸ் வேண்டும் என்ற பழைய விதிகளை ஒழித்து, பெயரைப் பதிவு செய்தால் போதும் என்று சட்டம் போட்டார். இந்தியர்கள் அச்சுக்கூடம் தொடங்க வழி அகலமானது. கல்கத்தாவில் அவருக்கு நன்றி சொல்ல எழுந்ததுதான் மெட்காஃப் ஹால். லண்டனில் கம்பெனி இயக்குநர்களோ முகம் சுளித்தார்கள். எதிர்பார்த்த சென்னை கவர்னர் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. 1838-ல் கம்பெனி வேலையை ராஜினாமா செய்துவிட்டுக் கப்பலேறினார்.

பத்திரிகைக்காரரே அதிகாரியானபோது

இனி சீனாவுக்கு ஒரு நடை. 1949-ல் மக்கள் குடியரசு பிறந்ததும், நாட்டின் பதிப்புத் தொழில் முழுவதையும் மேற்பார்க்க ஒரு தலைமை நிர்வாகம் அமைத்தார்கள். அதன் முதல் தலைவர் ஹூ யூச்சி. அவர் போலீஸ்காரரும் இல்லை, வருவாய் அதிகாரியும் இல்லை. பதினெட்டு வயதில் ஷாங்காயின் கமர்ஷியல் பிரஸ் பதிப்பகத்தில் சேர்ந்து, இதழாசிரியராக வளர்ந்தவர். 1938-ல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, சீன எழுத்தாளர் லூ சுன்னின் முழுத் தொகுப்பு இருபது தொகுதிகளாக வெளிவரக் காரணமாக இருந்தவர்.

தமிழ் வாசகருக்கு அவர் கதையில் இன்னொரு சுவை, சிங்கப்பூர். 1941-ல் அங்கே 'நன்யாங் சியாங் பாவ்' நாளிதழின் ஆசிரியராக இருந்தார். சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' ஆறு வயதுக் குழந்தையாக நடந்துகொண்டிருந்த அதே ஊர், அதே வருடங்கள். ஜப்பானியப் படை நெருங்கியதும் சுமத்ராவுக்கு ஓடி, எழுத்தாளர் யூ தாஃபு போன்றவர்களோடு பெயரை மறைத்து வாழ்ந்தார். போர் முடிந்து திரும்பியதும் தொழிலதிபர் டான் கா கீயின் ஆதரவோடு 'நான் சியாவ் ஜிட் பாவ்' என்ற நாளிதழை நடத்தினார். அவர் சீனா திரும்பிய பின், 1950-ல், பிரிட்டிஷ் அரசாங்கம் அந்தப் பத்திரிகையை மூடியது.

ஒரு அரசாங்கம் அவர் நடத்திய பத்திரிகையை மூடியபோது, இன்னொரு அரசாங்கத்தில் எந்தப் பதிப்பகம் இயங்கலாம் என்று முடிவு செய்யும் நாற்காலியில் அவர் இருந்தார். தனியார் பதிப்பகங்கள் அரசின் பிடிக்குள் வந்ததும், பதிப்பு, அச்சு, விற்பனை மூன்றும் தனித்தனி அரசுப் பிரிவுகளானதும் அவர் காலத்தில்தான். 1954-ல் அந்த நிர்வாகம் கலாசார அமைச்சகத்தோடு இணைந்தது. பல பெயர் மாற்றங்களுக்குப் பிறகு, 2018-ல் பதிப்புக் கண்காணிப்பு நேரடியாகக் கம்யூனிஸ்ட் கட்சியின் பிரசாரத் துறைக்குக் கீழே போனது. இன்று சீனாவில் புத்தகத்துக்கான ஐ.எஸ்.பி.என். எண் அரசு அங்கீகரித்த பதிப்பகங்களுக்கு மட்டுமே கிடைக்கும். எண் இல்லையென்றால் புத்தகம் இல்லை. அதே எண்ணை இந்தியாவில் கவிதைத் தொகுப்புப் போடும் கல்லூரி மாணவர்கூட இணையத்தில் விண்ணப்பித்து இலவசமாக வாங்கிவிடலாம்.

மாதவராவும் ஹூ யூச்சியும் ஒரே வார்ப்பு இல்லை. ஒருவர் நிர்வாகி, மற்றவர் பத்திரிகைக்காரர். ஆனால் நாற்காலி இருவரையும் ஒரே பக்கம் சாய்த்தது.

திவான் கேட்க வந்த உரிமை

மாதவராவ் 1909-ல் மைசூர் திவான் பதவியை விட்டார். 1914 முதல் 1916 வரை பரோடாவில் திவான். அதன் பிறகு நடந்ததுதான் இந்தக் கதையின் திருப்பம். அரசாங்கப் பதவிகளில் வாழ்நாளைக் கழித்த அவர், காங்கிரஸ் பக்கம் வந்தார். 1919-ல் மாண்டேகு சீர்திருத்த மசோதா பாராளுமன்றத்தில் இருந்தபோது, இந்தியர்களுக்குக் கூடுதல் உரிமை கேட்டு இங்கிலாந்து போன காங்கிரஸ் தூதுக்குழுவில் அவரும் ஒருவர். சட்டசபை கொடுத்தவர், அதைவிடப் பெரிய சபை கேட்கப் போனார். அவர் மறைந்தது 1934-ல். அதற்கு முந்தைய வருடம் மைசூரில் தாத்தையா காலமானார்.

மாதவராவை வில்லனாக்கிவிடுவது சுலபம், நியாயமாக இருக்காது. நோயோடு போராடினார், சபைகளைத் திறந்தார், கடைசியில் கேட்பவர் பக்கம் போய் நின்றார். ஆனால் 1908-ல் அவர் செய்தது பிழை. பிரதிநிதிகள் சபைக்குள் பேசலாம், ஊரார் தாளில் பேசக் கூடாது என்ற கணக்கு நிற்காது. சபையில் பேசியது வெளியே தெரிவதே பத்திரிகையால்தான்.

பிரிட்டிஷ் இந்தியா 1910-ல் ஜாமீன் தொகை கேட்கும் பத்திரிகைச் சட்டத்தைக் கொண்டுவந்து, 1922-ல் அதை ரத்து செய்தது. பெங்களூர் தண்டு 1947-ல் மைசூரோடு சேர்ந்தது. 1949-ல் இரண்டு முனிசிபாலிட்டிகளும் ஒரே மாநகராட்சியாயின. 1956-ல் செய்தித்தாள் பதிவாளர் அலுவலகம் டெல்லியில் பிறந்தது. 1867-ன் சட்டமோ இவ்வளவுக்கும் அசையாமல் இருந்து, 2024 மார்ச் 1 அன்றுதான் ஓய்வு பெற்றது. அதன் இடத்தில் வந்த புதிய சட்டத்தில் மாஜிஸ்திரேட் முன்னால் போய் நிற்கும் வேலை போய்விட்டது. பத்திரிகை தொடங்குகிறவர் கணினி வழியாகத் தலைமைப் பதிவாளருக்கு விண்ணப்பிக்கிறார்.

மாஸ்க் ரோட்டில் கபாப் வாங்கினால், அதைப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் பழைய நாளிதழைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒருமுறை விரித்துப் பாருங்கள். தமிழோ கன்னடமோ உருதுவோ, பக்கத்தின் அடியில் கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய பொடி எழுத்தில் அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர் பெயர்களும் முகவரியும் இருக்கும். அந்த வரி இந்த நாட்டுக்கு வந்தது அரசாங்கம் யாரைத் தேடிப் போவது என்று தெரிந்துகொள்வதற்காக. இன்று வாசகர் கடிதம் எந்த விலாசத்துக்குப் போட வேண்டும் என்று பார்ப்பதும் அதே வரியில்தான்.